கடைசிக் கட்டிலின் பச்சை

வலியை அளக்கவே முடியாது என்று இருபத்திரண்டு வருட நர்ஸ் வேலையில் நம்பிக்கொண்டிருந்தவள் நான். அளந்துவிட்டார்கள். அளந்ததோடு விட்டிருந்தால் இதை நான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

என் பெயர் எஸ்தர் தவமணி. தீக்காயப் பிரிவு, பெண்கள் வார்டு, இருபத்திநான்கு கட்டில். ஊர்ப் பெயரும் ஆஸ்பத்திரிப் பெயரும் எதற்கு? பட்டாசு ஷெட்டுகள் நிறைந்த பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் ஷெட்டில் வெந்தவர்கள், மீதிப்பேர் அடுப்படியில் வெந்தவர்கள். அடுப்படியில் எப்படி வெந்தார்கள் என்று போலீஸ் கேட்கும், நாங்கள் கேட்பதில்லை.

போன வருடம் எங்கள் வார்டுக்கு வலிப்பட்டை வந்தது. மணிக்கட்டில் கட்டுகிற சின்னப் பட்டை. வியர்வை, நாடித்துடிப்பு, நரம்புக்குள் ஓடுகிற என்னென்னவோ மின்சாரம் எல்லாவற்றையும் படித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு எண் சொல்லும். எண்ணை யார் உட்கார்ந்து பார்ப்பது என்று நிறமாக மாற்றியிருந்தார்கள். வலி இல்லையென்றால் பச்சை. பிறகு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கடைசியில் ரத்தம் உறைந்த மாதிரி கறுஞ்சிவப்பு. பட்டை கையில் இல்லாவிட்டால் சாம்பல். வார்டின் நுழைவுச் சுவரில் பெரிய திரை. ஒரு கட்டிலுக்கு ஒரு வரி. இடது ஓரத்தில் கட்டில் எண்ணும் பெயரும், அங்கிருந்து வலப்பக்கம் முழுக்க அவளுடைய நாள், கட்டம் கட்டமாக, நிறம் நிறமாக. இருபத்திநான்கு வரியும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும். பார்த்தவுடன் ஆயா மரகதம், "என்ன சிஸ்டர், ஜமுக்காளத்தைச் செவத்துல மாட்டிட்டாங்க" என்றாள். அன்றிலிருந்து அதற்கு ஜமுக்காளம் என்றே பெயர்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் நான்கு மாதம் அது தெய்வமாக வேலை செய்தது. வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு பெண்ணின் வரி காலையிலிருந்து கறுஞ்சிவப்பாக ஓடியதைப் பார்த்துத்தான் அவளுக்கு ஊசி போட்டோம். கத்துகிறவளுக்கு முதல் ஊசி என்கிற பழைய வழக்கம் போயிற்று. மார்ஃபின் இருக்கிற அலமாரியையும் ஜமுக்காளத்தோடு இணைத்துவிட்டார்கள். ஒரு வரி தொடர்ந்து சிவந்திருந்தால்தான் அந்தக் கட்டில் எண்ணுக்கு அலமாரி திறக்கும். பச்சையாக இருந்தால் நான் தலைகீழாக நின்றாலும் திறக்காது. வீட்டுக்கு அனுப்புகிற பட்டியலையும் அதுவே போட்டது. பத்து நாள் பச்சையாக இருந்தால் பதினோராம் நாள் பெயர் வந்துவிடும். இரண்டு நர்ஸுக்கு இருபத்திநான்கு கட்டில் என்றால் இப்படி ஒரு துணை கிடைத்ததே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அப்போதுதான் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது.

பெரிய மனிதர் வருகிறார் என்றால் ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். பாதையின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு. எங்கிருந்தோ வந்து இறங்குகிற பூந்தொட்டிகள். மடிப்புக் கலையாத புதுப் போர்வைகள். வெந்த உடம்பில் புதுப் போர்வை உரசினால் எப்படி இருக்கும் என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். எங்கள் மெடிக்கல் சூப்பரின்டென்டன்ட் டாக்டர் ஜெயசந்திரன், எல்லாருக்கும் எம்.எஸ்., முந்தின நாள் வார்டைச் சுற்றி வந்து ஜமுக்காளத்தின் முன் நின்றார். முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, கசகசன்னு. மேல பச்சை, நடுவுல சிவப்பு, திரும்பக் கீழ சிவப்பு. அங்கங்க சாம்பல் சாம்பலா ஓட்டை வேற. பார்க்கிறவருக்கு ஒண்ணும் புரியாது. நீட்டா வை."

கணினிப் பிரிவுப் பையன் இன்பராஜ் பின்னால் நின்றான். பையன் என்றாலும் இருபத்தாறு வயது, கல்யாணமானவன். "சரி சார்" என்றான். மறுநாள் காலையில் ஜமுக்காளம் நிஜமான ஜமுக்காளமாகவே ஆகிவிட்டது. மேலே கறுஞ்சிவப்பு, கீழே சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், அடியில் பச்சை. அலையலையாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக. அதிகாரி பன்னிரண்டு நிமிடம் இருந்தார். நோயாளிகளைப் பார்த்தது மூன்று நிமிடம், ஜமுக்காளத்தைப் பார்த்தது ஒன்பது நிமிடம். "பிரமாதம். இதை மாடலா வெச்சு எல்லா இடத்துலயும் பண்ணலாம்" என்றார். எம்.எஸ்.ஸுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவர் கார் கிளம்பியதும் புதுப் போர்வைகளை எண்ணி வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார்கள். பூந்தொட்டிகள் போயின. பிளீச்சிங் கோட்டை மழை கழுவியது. ஜமுக்காளத்தை மட்டும் யாரும் பழையபடி மாற்றவில்லை.

பார்வை முடிந்த மறுநாள் காலையில்தான் வேலுத்தாய் வந்தாள். முப்பத்து மூன்று வயது. மருந்து கலக்கிற ஷெட்டில் வேலை. முதுகும் இடது கையும் வெந்திருந்தன. காலியாக இருந்தது இருபத்திநான்காம் கட்டில், கழிவறைக் கதவை ஒட்டி. அங்கே போட்டோம்.

முதல் நாளே கத்தினாள். கட்டு மாற்றும்போது மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. நான் ஓடிப்போய் ஜமுக்காளத்தைப் பார்த்தேன். இருபத்திநான்காம் வரி பச்சை. அலமாரியில் எண்ணை அழுத்தினேன், திறக்கவில்லை. ஒரு பாராசிட்டமால் கொடுத்தேன்.

"சிஸ்டர், உசுரு போகுது சிஸ்டர். ஒரு ஊசி போடுங்க."

"திரையில பச்சைன்னு காட்டுது. இந்த அளவுக்குப் பச்சைன்னா கொசு கடிச்ச மாதிரிதாம்மா இருக்கும். பயத்துல கத்துற."

"எனக்குத் தெரியாதா சிஸ்டர், எனக்கு வலிக்குதா இல்லையான்னு?"

நான் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டேன்.

அதைவிட எரிச்சல் ஒன்று இருந்தது. அவள் வரியில் அடிக்கடி சாம்பல் வந்தது. பட்டையைக் கழற்றிவிடுகிறாள் என்றுதானே அர்த்தம்? காலையில் ஒவ்வொருவராகப் பட்டையைக் கழற்றிக் குளிப்பாட்டுகிற நேரம் முழுக்க அவள் வரி சாம்பல். போய்ப் பார்த்தால் பட்டை கையில் இருக்கும். என்னைக் கண்டதும் மாட்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

"ஏம்மா வேலுத்தாயி, எத்தனை தடவை சொல்றது? கழட்டாதே."

"நான் கழட்டவேயில்ல சிஸ்டர். ஒத்தக் கையி வெந்து கெடக்கு. எந்தக் கையால கழட்ட?"

நியாயமான கேள்வி. எனக்குத்தான் அது உறைக்கவில்லை. திரை பொய் சொல்லாது, பொம்பளைதான் பொய் சொல்லுவாள் என்று என் மண்டைக்குள் யார் எழுதி வைத்தார்களோ தெரியவில்லை. ஒட்டுப் பிளாஸ்டர் எடுத்துவந்து பட்டையின் மேல் நான்கு சுற்றுச் சுற்றினேன். பேனாவால் அதன் குறுக்கே என் கையெழுத்தையும் போட்டேன், தபால் பைக்கு அரக்கு வைக்கிற மாதிரி. "இனிமே கழட்டினா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றேன்.

அவளுடைய கேஸ் ஷீட்டில் எழுதினேன்: 'வலி இல்லை. நோயாளி மிகைப்படுத்துகிறார். ஒத்துழைப்பு இல்லை.' என் எழுத்து அழகான எழுத்து. இப்போதும் அந்தப் பக்கம் கண் முன் நிற்கிறது.

அவள் புருஷன் அய்யாத்துரை லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். தினமும் சாயங்காலம் வருவார். ஜமுக்காளத்தைப் படிக்க அவருக்கும் தெரிந்துவிட்டது, நிறம் பார்க்கப் படிப்பு எதற்கு? நான்காம் நாள் வார்டு நடுவில் நின்று சொன்னார். "ஊரே சிரிக்குது. அவ்வளவு பெரிய மிஷினுல பச்சைன்னு போட்டிருக்கான். உனக்கு மட்டும் என்ன அலறல்? அங்க ரெண்டு பிள்ளைகளை நான் ஒத்தையா வெச்சுக்கிட்டு அல்லாடுதேன், நீ இங்க படுத்துக்கிட்டு நாடகம் போடுத." மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. அவள் கத்துவதும் குறைந்துபோயிற்று. எனக்கு நிம்மதியாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினோராம் நாள் வியாழக்கிழமை. காலைப் பட்டியலில் முதல் பெயர் வேலுத்தாய். மறுநாள் வீட்டுக்கு. அவள் முதுகுப் புண்ணில் அப்போதும் நீர் வடிந்துகொண்டிருந்தது. எம்.எஸ். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பதினொரு மணிக்கு மரகதம் ஓடிவந்தாள். "சிஸ்டர், ஒண்ணாம் நம்பர் ஆச்சி எந்திரிக்க மாட்டேங்குறாக."

ஒன்றாம் கட்டில் குருவம்மாள். அறுபது வயது. வெந்நீர் கொட்டி வலது காலில் காயம், முழங்காலுக்குக் கீழே மட்டும். உண்மையில் அந்த வார்டிலேயே லேசான காயம் அவருடையதுதான். ஆனால் ஒன்றாம் வரி பதினொரு நாளாகக் கறுஞ்சிவப்பு. அலமாரி திறந்துகொண்டே இருந்தது, நாங்களும் போட்டுக்கொண்டே இருந்தோம். போய்ப் பார்த்தேன். கண் இமையைத் தூக்கினால் கருமணி குண்டூசி முனையளவு. மூச்சு நிமிடத்துக்கு ஆறு. மார்ஃபின் அதிகமானால் இப்படித்தான் ஆகும், முதல் வருட நர்சிங் மாணவிக்குத் தெரியும். மார்ஃபினை முறிக்கிற ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, ஐ.சி.யு.வுக்குத் தள்ளினோம். கையில் ஊசி ஏற்ற இடம் வேண்டுமென்று அவருடைய பட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்து டிரேயில் போட்டேன்.

திரும்பி வந்து ஜமுக்காளத்தைப் பார்த்தால் ஒன்றாம் வரி அப்போதும் கறுஞ்சிவப்பு.

மூச்சே சரியாக வராமல் கிடந்தவருக்கு என்ன வலி? பட்டையே கையில் இல்லையே, சாம்பல் அல்லவா வர வேண்டும்? சாம்பலைத் தேடினேன். இருந்தது. அடியில், இருபத்திநான்காம் வரியில்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை கலவரத்துக்கு நடுவில் இந்தப் பொம்பளை பிளாஸ்டரையே பிய்த்துவிட்டாளே என்று விறுவிறுவென்று கடைசிக் கட்டிலுக்குப் போனேன். வாய் நிறையத் திட்டு வைத்திருந்தேன். வேலுத்தாய் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். போர்வைக்கு வெளியே வலது கை. பட்டை இருந்தது. பிளாஸ்டர் நான்கு சுற்றும் இருந்தது. குறுக்கே என் கையெழுத்து, ஒரு இழைகூடப் பிசகாமல்.

"நான் கழட்டல சிஸ்டர்" என்றாள், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

இரண்டாம் கட்டிலுக்கு நடந்தேன். அந்தப் பெண்ணின் பட்டையைக் கழற்றினேன். அடுத்த கட்டம் வரும்வரை திரை முன் நின்றேன். இரண்டாம் வரி நிறம் மாறவில்லை. இருபத்திமூன்றாம் வரி சாம்பலாயிற்று. ஒன்பதாம் கட்டிலில் கழற்றினேன். இருபத்திரண்டு சாம்பல். பதினைந்தில் கழற்றினேன். இருபத்தொன்று. யாருடைய கையில் கழற்றினாலும் சாம்பல் அடியிலிருந்துதான் ஏறியது, தொட்டியில் தண்ணீர் ஏறுவது போல. எழுந்து உட்கார முடிந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். இன்பராஜுக்குப் போன் போட்டு, "சாப்பிட்டுக்கிட்டிருந்தாலும் சரி, கை கழுவாம ஓடிவா" என்றேன்.

வந்தவனிடம் ஒன்றும் விளக்கவில்லை. ஆறாம் கட்டிலின் பட்டையைக் கழற்றி, பத்து நிமிடம் அவனையும் திரை முன் நிற்க வைத்தேன். இருபதாம் வரி சாம்பலாவதைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"சிஸ்டர், இதையா பார்த்து ஊசி போட்டீங்க? பதினொரு நாளாவா?"

"வேற எதைப் பார்த்துப் போடுவாங்க? சொல்லு, என்ன பண்ணினே?"

"அடுக்கினேன் சிஸ்டர். எம்.எஸ். சார் நீட்டா வைக்கச் சொன்னாரில்ல? ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் இருபத்திநாலு பேரோட நிறத்தையும் எடுத்து, அதிக வலி மேல, கம்மி வலி கீழேன்னு அடுக்கற மாதிரி மாத்தினேன். பட்டை இல்லாதது எல்லாத்துக்கும் அடியில."

"அப்போ ஒண்ணாம் வரி குருவம்மா இல்லையா?"

"இல்ல சிஸ்டர். ஒண்ணாம் வரி யாருமே இல்ல." திரையைக் கையால் காட்டினான். "ஸ்கூல்ல உயரவாரியா நிக்க வைப்பாங்கல்ல, அது மாதிரி நெனைச்சுக்கங்க. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஆளை மாத்தி மாத்தி நிக்க வைக்கிறோம். ஆனா பேரைத் தரையில சாக்பீஸால எழுதிட்டோம். ஆளுங்க மாறிக்கிட்டே இருப்பாங்க, பேரு மட்டும் அங்கேயே கெடக்கும். அந்தந்த நேரத்துல வார்டுல யாருக்கு வலி ரொம்ப அதிகமோ, அவங்கதான் மேல் வரி. யாருக்கு ரொம்பக் கம்மியோ அவங்கதான் கடைசி வரி. கடைசி வரி எப்பவும் பச்சையாத்தான் இருக்கும் சிஸ்டர். அந்தக் கட்டில்ல யாரைப் படுக்க வெச்சாலும் பச்சைதான்."

நடுக் கட்டில்களில் இருந்தவர்களுக்கு வரியும் வலியும் முன்னே பின்னே ஒத்துப்போயிருக்கிறது. அதனால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. இரண்டு முனையில் இருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

"பேரை எதுக்குடா விட்டு வெச்சே?"

"நான் எடுத்துட்டேன் சிஸ்டர். சத்தியமா எடுத்துட்டேன். இப்படி அடுக்கினா, எந்த நேரத்துல எத்தனை பேருக்கு வலின்னு மட்டும்தான் பார்க்கலாம், ஆளைப் பார்க்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். காலையில சார் வந்தாரு. பேரில்லாம மொட்டையா இருக்கு, அதிகாரி கேட்டா என்ன சொல்றது, பேரைப் போடுன்னாரு. பார்வை முடிஞ்சதும் மாத்திடலாம்னு போட்டேன். முடிஞ்சதும் கேட்டேன். அதிகாரியே பாராட்டிட்டுப் போயிருக்காரு, கைய வைக்காதேன்னாரு. அலமாரி இந்த வரியப் பார்த்துத்தான் திறக்குதுன்னு எனக்கு யாரும் சொல்லல சிஸ்டர்."

"நீ கேட்டியா?"

நானும் ஒன்றும் அவனை விடப் பெரிய யோக்கியம் இல்லை என்பதால் அதோடு விட்டேன். "பழையபடி மாத்து. பதினொரு நாளையும் காட்டு" என்றேன்.

மாற்றினான். கசகசவென்ற ஜமுக்காளம் திரும்பி வந்தது. ஒன்றாம் வரி முழுக்கப் பச்சை, நடுவில் கொஞ்சம் மஞ்சள். இருபத்திநான்காம் வரியில் பச்சை என்று ஒரு கட்டம்கூட இல்லை. தினமும் காலை பத்து மணிக்கு, கட்டு மாற்றுகிற நேரத்தில், கறுஞ்சிவப்பு தொடங்கி மதியம் வரை நீண்டது. முதல் நாள் பத்து நாற்பது. 'கொசு கடிச்ச மாதிரி' என்று நான் சொன்ன நேரம். அந்தக் கட்டத்துக்கு மேல் ஒரு நிறம் அந்தக் கணினியில் கிடையாது. நேராகப் போய் அலமாரியில் இருபத்திநான்கை அழுத்தினேன். முதல் தடவையாகத் திறந்தது.

ஊசி போட்டு, மருந்து இறங்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவளுடைய முகம் தளர்வதை அன்றுதான் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப நான் நடிக்கலன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா?"

"தெரிஞ்சிடுச்சும்மா."

"அதை எழுதிக் குடுங்க சிஸ்டர். எங்க வீட்டுக்காரருக்குக் காட்டணும். வாயால சொன்னா நம்ப மாட்டாக. எழுதியிருந்தாத்தான் நம்புவாக."

எம்.எஸ். அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் முதலில் கதவைச் சாத்தினார்.

"குருவம்மா உயிரோடதானே இருக்காங்க?"

"இருக்காங்க சார்."

"அப்புறம் என்ன? படத்துல தப்பில்லை சிஸ்டர். படிச்சவங்க தப்பாப் படிச்சிருக்கீங்க. இப்ப மாத்தியாச்சுல்ல? இருபத்திநாலோட டிஸ்சார்ஜை நிறுத்திடுவோம். கேஸ் ஷீட்ல மட்டும் ஒண்ணும் எழுதாதீங்க. எழுதினா உங்க கையெழுத்துல இருக்கிறதும்தான் வெளிய வரும், பார்த்துக்குங்க."

"வரட்டும் சார்."

"ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுறீங்க?"

"நெருப்புல வெந்தவளை நடிக்கிறான்னு எழுதியிருக்கேன் சார். உணர்ச்சிவசப்படாம என்ன பண்ணச் சொல்றீங்க? உங்க பார்வைக்கு நீட்டா இருக்கணும்னு ரெண்டு பொம்பளைங்க உயிரை எடுத்து அடுக்கியிருக்கோம்."

வார்டுக்கு வந்து வேலுத்தாயின் கேஸ் ஷீட்டைத் திறந்தேன். என் அழகான எழுத்துக்குக் கீழே எழுதினேன்: 'இந்த நோயாளி நடிக்கவில்லை. பதினொரு நாட்கள் கடுமையான வலியில் இருந்தார். மருந்து மறுக்கப்பட்டது. மேலே உள்ள குறிப்பை எழுதியது நானே, அது பொய்.' தேதி, நேரம், கையெழுத்து. இன்னொரு தாளில் அதையே எழுதி அவள் தலையணைக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் அய்யாத்துரையைப் போனில் கூப்பிட்டு வரவழைத்தேன். அவர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டார். வேலுத்தாய் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இன்பராஜ் போகிற போக்கில் கேட்டான்.

"சிஸ்டர், மத்த இடத்துக்கெல்லாம் யார் சொல்றது?"

"எந்த மத்த இடம்?"

"நம்ம மாடலைத்தான் முப்பத்தெட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்காங்க. பேரோட, அடுக்கினபடியே, அலமாரியோட சேர்த்து. இந்தத் திங்கக்கிழமைதான் ஆரம்பிச்சாங்க. சார்கிட்ட சொன்னேன். கடிதம் போட்டிருக்கு, முறைப்படி போகும்னாரு."

முறைப்படி என்றால் எத்தனை வாரம் என்று எனக்குத் தெரியும். பட்டியலை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டேன். டியூட்டி முடிந்தும் உடை மாற்றவில்லை. நர்ஸ் மேஜையிலேயே உட்கார்ந்து முதல் எண்ணைச் சுழற்றினேன். எந்த ஊர் என்று வேண்டாம். இளம் குரல் ஒன்று எடுத்தது.

"தீக்காய வார்டு, சொல்லுங்க."

"நானும் வார்டு சிஸ்டர்தாம்மா. உங்க வார்டுல கடைசிக் கட்டில்ல யார் இருக்கா?"

"முப்பதாம் நம்பரா? அதை ஏன் கேக்குறீங்க சிஸ்டர்." சலிப்பாகச் சிரித்தாள். "திரையில பூரா பச்சை. ஆனா என்ன நடிப்பு தெரியுமா? காது கிழியுது. பட்டியல்ல பேரு வந்ததும் அனுப்பிடுவோம், விடுங்க."

அவளுக்குப் பின்னால், தூரத்தில், யாரோ அழுகிற சத்தம் போனில் கேட்டது.

"ஏன் சிஸ்டர், உங்களுக்குச் சொந்தமா?"

"ஆமாம்மா" என்றேன். "சொந்தம்தான். நீ எழுந்து அவங்க பக்கத்துல போ. நான் லைன்லயே இருக்கேன்."